பனியில் மோத்தியே வரை

அடுத்த தெருவில் இருக்கும் அம்மாவுக்கு நான் சொன்ன பொய் மிகச் சாதாரணமானது. "சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம் அம்மா. விடியக் காலமை போயிடுவன், பின்னேரம்தான் வருவன்" என்றேன். எங்கள் தொழிற்சாலையில் மாசி மாதத்தில் மேலதிக வேலை வருவது வழக்கம் என்பதால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு கட்டித் தரட்டோ என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

உண்மையில் அந்தச் சனிக்கிழமை நான் லா ஷோ-து-ஃபோனில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, ஜூரா மலையின் முதுகு வழியாக மோத்தியே என்ற கிராமம் வரை ஓடுவதாக இருந்தேன். ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீற்றர். தனியாக, பனியில்.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயரத்தில், கார்த்திகையில் விழுந்த பனி சித்திரையில்தான் முழுதாகக் கரையும் ஊர். அம்மா இங்கே ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றார். நானும் கடிகாரத் தொழிற்சாலையில்தான் இருக்கிறேன், வேறொன்றில். கைக்கடிகாரத்துக்குள் போகும் சின்னஞ்சிறு சில்லுகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, பழுதானதை ஒதுக்குவது என் வேலை. ஒரு நாளைக்கு எட்டரை மணி நேரம் என் உலகம் ஒரு நகத்தின் அகலத்துக்குள் இருக்கும். அதனால் வந்த கழுத்து வலிக்கு ஏழு வருடத்துக்கு முன் வைத்தியர் நடக்கச் சொன்னார். நடந்து பார்த்தேன். நேரம் நிறையப் போனது. ஓடினால் கெதியாக முடியுமே என்று ஓடத் தொடங்கினேன். அது கெதியாக முடியவில்லை. முதலில் ஐந்து கிலோமீற்றர், பிறகு இருபது, பிறகு நாற்பது என்று வளர்ந்துகொண்டே போனது.

மோத்தியேவுக்குப் போகும் அந்தப் பாதையைக் கோடையில் இரண்டு முறை ஓடி முடித்திருந்தேன். எங்கே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, எந்த வேலியைத் திறந்தால் மறுபடி மூட வேண்டும், எந்தப் பண்ணையில் நாய் குரைக்கும் என்றெல்லாம் தெரியும். என் கால்களையும் தெரியும். மார்கழி முழுவதும் வேலைக்குப் போகுமுன் நெற்றி விளக்கோடு பனியில் ஓடிப் பழகியிருந்தேன். என்னால் முடியுமா என்ற கேள்வியோடு நான் புறப்படவில்லை. முடியும் என்று தெரிந்துதான் புறப்பட்டேன்.

வீட்டில் இவருக்கு எல்லாம் தெரியும். என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து இங்கே வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. பனியைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். ஓட்டம் என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது மட்டும்தான் அவருக்கு. ஆனால் நான் ஓடும் நாட்களில் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எந்த மணிக்கு எந்த இடம் என்று சிவப்புப் பேனையால் எழுதுகிறவர் அவர்தான்.

"நீர் ஓடி முடிப்பீர் எண்டதில எனக்குச் சந்தேகம் இல்லை," என்றார் வெள்ளிக்கிழமை பின்னேரம். "நீர் எங்க நிக்கிறீர் எண்டு எனக்குத் தெரியவேணும். அவ்வளவுதான்."

"இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மெசேஜ் போடுறன்."

"எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. ஒண்டு தவறினாப் பொறுத்துக்கொள்ளுவன். அடுத்ததும் தவறினா அந்த நிமிஷமே மீட்புப் படைக்கு போன் அடிப்பன். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

"சரி."

"மாமிக்கு என்ன சொன்னனீர்?"

"ஓவர்டைம் எண்டு."

அவர் சிவப்புப் பேனையை மூடி வைத்தார். அம்மா ஒரு முறை அதிகாலை வேலைக்கு நடந்து போகும்போது உறைபனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்தவர். அதற்குப் பிறகு நான் பனிக்காலத்தில் கடைக்குப் போனாலும் திரும்பி வரும்வரை ஜன்னலடியில் நிற்பார். அவருக்கு இதைச் சொல்வதால் யாருக்கும் நன்மையில்லை என்று நான் நினைத்தேன்.

பையில் இரண்டு நெற்றி விளக்கு, தங்க நிறத்தில் மினுங்கும் அவசரப் போர்வை, விசில், மாற்றுக் கையுறை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை எல்லாம் வைத்தேன். சப்பாத்துக்கு மாட்டும் முட்சங்கிலியைக் கொதிநீரில் கழுவித் துடைத்தேன். கைபேசிக்கு மேலதிகமாக ஒரு பற்றரி இருந்தது. அதைக் கையில் தூக்கிப் பார்த்தேன். பாரமாக இருந்தது. மேசையிலேயே வைத்துவிட்டேன். அந்த நாளில் நான் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இன்னும் இரண்டு இருந்தன. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டபோது பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு. தெருவில் பனி வாரும் வண்டியைத் தவிர ஒன்றுமில்லை. வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை இங்கே பீஸ் என்பார்கள். பீஸ் வீசும் நாளில் வெப்பமானி காட்டும் எண்ணை யாரும் நம்புவதில்லை. ஊருக்குள் அது இன்னும் எழும்பவில்லை. காட்டுப் பாதையில் ஏறும்போது என் மூச்சுச் சத்தமும் முட்கள் பனியில் கடிக்கும் சத்தமும் மட்டும் கேட்டன. மூக்குக்குள் ஈரம் உறைந்து, மூச்சு இழுக்கும்போது கூசியது. உடம்பு நன்றாக இருந்தது. முதல் ஒன்பது கிலோமீற்றரை நினைத்ததைவிடப் பத்து நிமிடம் முந்தி முடித்தேன். கணவாயில் ஏறி நின்றபோது கிழக்கு வெளுத்திருந்தது. எட்டு மணிக்கு மெசேஜ் போட்டேன்: "எல்லாம் நல்லம். காற்று எழும்புது." உடனே பதில் வந்தது: "நான் தோசை சுடுறன்."

மலை முதுகில் ஏறியதும் காற்று பிடித்துக்கொண்டது. அது மேலிருந்து வீசவில்லை. தரையோடு தரையாக, முழங்கால் உயரத்துக்குப் பனித்தூளை அள்ளிக்கொண்டு ஓடியது. என் கால்களை என்னாலேயே பார்க்க முடியவில்லை. அடுத்த அரை மணியில் மூடுபனியும் சேர்ந்துகொண்டது. மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் ஒரு சாண் தடிப்புக்கு உறைபனி ஒட்டியிருந்தது. கைத்தடியால் தட்டித் தட்டி எழுத்தை வாசித்தேன்.

இந்த மலைகளில் மேய்ச்சல் நிலங்களைப் பிரிக்கச் சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள் உண்டு. இடுப்பளவு உயரம். மோன் ரஸீன் என்ற உச்சிவரை போகும் ஒரு நீண்ட மதிலை எனக்குத் தெரியும். மூடுபனியில் அந்த மதிலைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று திட்டமிட்டிருந்தேன். அது நல்ல திட்டம்தான். ஒரு மணி நேரம் மதிலின் மறைவு காற்றிலிருந்து காப்பாற்றியது. மெதுவாக, ஒரே சீராக ஓடினேன். மனம் அமைதியாக இருந்தது. இப்படியே போனால் பதினொன்றரைக்கு அடுத்த கணவாய் என்று கணக்குப் போட்டேன்.

பிறகு மதில் முடிந்தது. முடியவில்லை, பனிக்குக் கீழே போய்விட்டது. அந்த இடத்தில் காற்று பனியைக் குவித்து மதிலை முழுதாக மூடியிருந்தது. முன்னால் வெள்ளை, மேலே வெள்ளை, எது தரை எது வானம் என்று தெரியவில்லை. பத்து மீற்றர் தள்ளி ஒரு ஊசியிலை மரம் கறுப்பாக நின்றது. அதன் மறைவில் நின்று வரைபடத்தைப் பார்க்கலாம் என்று போனேன்.

பனியில் பெரிய ஊசியிலை மரத்தின் அடிக்குப் போகக்கூடாது. கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றி வெற்றிடம் இருக்கும். மேலே மெல்லிய மூடி மட்டும். இது எனக்குத் தெரியும். வேறு ஆட்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் போனேன்.

சத்தமே இல்லாமல் இறங்கினேன். ஒரு கணம் நின்றுகொண்டிருந்தேன், அடுத்த கணம் பனி என் கக்கம்வரை இருந்தது. கால்கள் எதையும் தொடவில்லை. கைகளை விரித்திருந்ததால்தான் மேலும் போகவில்லை. முகத்தில் பனி, கழுத்துக்குள் பனி. வலது கையுறை எங்கோ கீழே போய்விட்டது.

கத்தவில்லை. கத்தினால் கேட்க யாருமில்லை, மூச்சும் வீண். இரண்டு கைத்தடிகளையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு, அதில் மார்பைச் சாய்த்தேன். காலால் உதைத்தபோது பக்கத்துப் பனி இடிந்து குழிக்குள் விழுந்தது. அதை மிதித்து மிதித்து இறுக்கினேன். ஒரு படி கிடைத்தது. மறுபடி உதைத்தேன். அடிமரத்தின் கீழ்க்கிளை ஒன்று இடது கைக்கு எட்டியது. அதைப் பிடித்து இழுத்தபோது மேலிருந்த பனி முழுவதும் தலையில் கொட்டியது. கண்ணைத் திறக்க முடியாமல் அப்படியே கொஞ்ச நேரம் கிளையோடு தொங்கினேன். பிறகு வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம்.

மாற்றுக் கையுறையைப் போட்டேன். அது மெல்லியது. எள்ளுருண்டையை வாயில் போட்டுக் கொண்டு கைபேசியை எடுத்தேன். பத்து மணி ஆகியிருந்தது. திரை கறுப்பாக இருந்தது. அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன். குளிரில் பற்றரி செத்துவிட்டது. சட்டைக்குள் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். வெளிச்சம் வரவேயில்லை.

பயப்படவில்லை என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. என் உடம்பைப் பற்றி எனக்குப் பயம் வரவில்லை. கால் ஓடும், வயிற்றில் சாப்பாடு இருக்கிறது, பாதை பிடிபடும். பன்னிரண்டு மணியை நினைத்துத்தான் பயந்தேன். இவர் சொன்னதைச் செய்கிற ஆள். பன்னிரண்டு ஆனதும் அடிப்பார். இந்த மூடுபனியில் ஹெலிகொப்டர் பறக்காது. ஊர்களில் சனிக்கிழமைச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, ஆண்களும் பெண்களும் பனிச்சறுக்குப் பலகை மாட்டிக்கொண்டு என்னைத் தேடி இந்த முதுகுக்கு ஏறுவார்கள். யாராவது ஒருவர் இதே மாதிரி ஒரு மரத்தடியில் விழுந்தால்? நான் ஒரு தேவையும் இல்லாமல், முழு உடம்போடு எங்கோ ஓடிக்கொண்டிருப்பேன்.

மதில் எந்தப் பக்கம் இருந்தது, காற்று எந்தக் கன்னத்தில் அடித்தது என்பதை வைத்துத் திசையைக் கணித்தேன். வடக்குச் சரிவில் இறங்கினால் குளிர்காலத்திலும் ஆட்கள் இருக்கும் ஒரு பண்ணை வீடு உண்டு. முந்திய வருடம் அதன் புகைக்கூண்டில் புகை வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை நோக்கி இறங்கினேன். காட்டுக்குள் பனி முழங்காலுக்கு மேல். ஓட முடியவில்லை. உழுதுகொண்டு போவதுபோல் போனேன். ஒரு இடத்தில் முயலின் தடம் குறுக்கே போனது. இன்னொரு இடத்தில் என் வலது கை விரல்கள் மரத்துப்போனதைக் கவனித்து, நின்று, கையை வயிற்றோடு ஒட்டிவைத்து, வலி திரும்பி வரும்வரை பொறுத்தேன். வலி வந்தது. சந்தோசமாக இருந்தது.

புகை மணம் முதலில் வந்தது. பிறகு கூரை. பதினொன்று முப்பத்தைந்துக்குக் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க பெண். நீல வேலைச் சட்டை, கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி. தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்ற என்னைப் பார்த்தார். "உள்ளே வாருங்கள், கதவைச் சாத்துங்கள், சூடு போகிறது," என்றார் பிரெஞ்சில்.

"நான் அவசரமாக ஒரு தொலைபேசி எடுக்க வேண்டும்," என்றேன்.

சுவரில் மாட்டியிருந்த பழைய தொலைபேசியைக் காட்டினார். எடுத்தேன். காதில் வைத்தேன். விரலை எண்களுக்கு மேலே கொண்டுபோனேன். அப்போதுதான் என் மூன்றாவது முட்டாள்தனம் தெரிந்தது. என் கணவரின் எண் எனக்குப் பாடமில்லை. கலியாணம் கட்டி ஒன்பது வருடம். ஒரு நாளைக்கு நாலு தரம் அவருக்கு அடிக்கிறேன். ஒருநாளும் எண்ணை அழுத்தியதில்லை. அவருடைய படத்தைத்தான் தொட்டிருக்கிறேன்.

"என்ன?" என்றார் அந்தப் பண்ணை வீட்டு அம்மா.

"எண் தெரியவில்லை."

"ஒரு எண்ணும் தெரியாதா?"

தெரிந்தது. ஒரே ஒரு எண். முதல் வகுப்பில் சேர்க்கும் முன், தொலைந்து போனால் சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குப் பாட்டு மாதிரிச் சொல்லித் தந்த வீட்டு எண். அம்மா இன்றைக்கும் அதே வீட்டில், அதே எண்ணோடு இருக்கிறார்.

அழுத்தினேன். லைன் பிஸி.

சனிக்கிழமை காலை. ஓர்லிகோன் என்ற ஊரிலிருக்கும் சித்தியோடு அம்மா கதைக்கும் நேரம். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்து கதைத்ததை நான் பார்த்ததில்லை. வைத்துவிட்டு மறுபடி அடித்தேன். பிஸி. சுவர் மணிக்கூட்டில் பதினொன்று நாற்பத்தொன்று. பண்ணை அம்மா என் கையுறைகளை வாங்கி அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டார். கைபேசியையும் வாங்கி ஒரு துணியில் சுற்றி, அடுப்பின் பக்கத்துப் பலகையில் வைத்தார். நாற்பத்தைந்து. பிஸி. நாற்பத்தெட்டு. பிஸி. மீட்புப் படைக்கே அடித்து விசயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, அந்த அம்மாவிடம் அவர்களுடைய எண்ணைக் கேட்கத் திரும்பினேன். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை என்று அடித்தேன். மணி அடித்தது.

"ஹலோ?"

"அம்மா, நான்."

"என்ன பிள்ளை, இது ஆற்ற நம்பர்? வேலைக்குப் போகேல்லையோ?"

"அம்மா, நான் சொல்லுறதை முதல் கேளுங்கோ. நான் வேலைக்குப் போகேல்ல. பொய் சொன்னனான். மலையில ஓடுறதுக்கு வந்தனான். ஒரு பண்ணை வீட்டில நிக்கிறன், எனக்கு ஒண்டுமில்லை. போன் செத்துப்போச்சு. இப்ப உடனே அவருக்கு அடிச்சு, நான் நல்லா இருக்கிறன், ஒருத்தருக்கும் அடிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பன்னிரண்டு மணிக்கு முதல் சொல்ல வேணும்."

அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"விரல் நுனியெல்லாம் என்ன நிறம்?" என்று கேட்டார்.

"என்ன?"

"கைவிரல். வெள்ளையோ, சிவப்போ?"

பார்த்தேன். "சிவப்பு."

"அப்ப சரி. கொதிதண்ணிக்குள்ள வைச்சிடாதை. இந்த நம்பருக்கு மருமோன் உனக்கு எடுக்கட்டும். வை, வை."

வைத்துவிட்டார். இருபத்தாறு குளிர்காலம் காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைக்கு நடந்து போனவர் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் கழிந்து சுவரில் தொலைபேசி அடித்தது. அந்த அம்மா எடுக்காமல் எனக்குக் கைகாட்டினார்.

"நான் போனைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டனான்," என்றார் இவர். "மாமி எடுக்கேக்கை பதினொண்டு ஐம்பத்தாறு. நீர் எங்க நிக்கிறீர்? இடத்தைச் சொல்லும், கார் கொண்டு வாறன்."

"பண்ணைப் பாதை பனியில மூடிப்போய்க் கிடக்காம். கார் வராது. எனக்கு ஒண்டுமில்லை எண்டு அம்மா சொன்னாவோ?"

"சொன்னா. கொஞ்சம் ஏசியும் போட்டா. என்னையும் சேர்த்து."

"நான் நுவரேக்குக்கு வாறன். கீழ்ப் பாதையால, காட்டுக்குள்ளால. அங்க ஸ்டேசனடியில நில்லுங்கோ."

"ஓடத்தான் போறீரோ?"

"ஓம்."

"எத்தினை மணிக்கு?"

"மூண்டரைக்கு முதல்."

"சரி. மூண்டரை எண்டு எழுதுறன்," என்றார். சிவப்புப் பேனையைத் தேடும் சத்தம் கேட்டது.

நுவரேக் பள்ளத்தாக்கில் இருக்கும் கிராமம். கைபேசி அடுப்பருகில் உயிர் பெற்றது. அந்த அம்மாவின் சார்ஜர் அதற்குப் பொருந்தியது. எனக்குக் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் ஒரு கோப்பை தந்தார். குடித்து முடிக்கும்வரை எதிரில் இருந்து மீதிக் கிழங்கைச் சீவினார். ஏன் இந்தக் குளிரில் ஓடுகிறாய் என்று அவர் கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது, "மேலே மதில் வரைக்கும் பனி மூடிவிட்டதா?" என்றுதான்.

"ஒரு இடத்தில் முழுவதும் மூடிவிட்டது."

"அப்படியானால் இந்த வருடம் மாடுகளை மேலே விடப் பிந்தும்," என்றார். பிறகு எழும்பி, "தொழுவக் கதவை மறித்துப் பனி கிடக்கிறது. கையுறை காயும்வரை என்னோடு வாருங்கள். உடம்பு சூடாகும். குளிர்ந்த உடம்போடு புறப்படக்கூடாது," என்று எனக்கு ஒரு தடித்த கம்பளிக் கையுறையும் மண்வெட்டி மாதிரி அகலமான ஒரு பலகையும் தந்தார். இருபது நிமிடம் இருவரும் பனியை வாரினோம். அவர் என்னைவிட வேகமாக வாரினார். கதவு திறந்ததும் உள்ளே நின்ற மாடுகளின் சூடு முகத்தில் அடித்தது. போகும்போது என் கையுறையைத் தந்தவர், தன் கம்பளிக் கையுறையைத் திரும்ப வாங்கவில்லை. "கோடையில் ஓடி வரும்போது கொண்டு வாருங்கள்," என்றார்.

கீழ்ப் பாதை சுகமாக இருந்தது. காலையில் டிராக்டர் போன தடத்தில் பனி இறுகிக் கிடந்தது. காற்று காட்டுக்கு மேலே கத்திக்கொண்டு போனது. எனக்கு அது எட்டவில்லை. கால்கள் தங்கள் வேலையைத் தெரிந்துகொண்டு செய்தன. விழுந்ததும் ஊர்ந்ததும் எங்கோ பின்னால் போய்விட்டன. கணவாயைத் தாண்டி, நுவரேக்குக்கு இறங்கும் செங்குத்தான காட்டுப்பாதையில் வளைவுக்கு வளைவு கைத்தடியை ஊன்றித் திரும்பி இறங்கியபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது. மூன்று மணி பத்துக்கு ஸ்டேசனடியில் நின்றேன்.

எங்கள் கார் நின்றது. இவர் வெளியே குல்லாவும் கழுத்துப் பட்டியுமாக, கண் மட்டும் தெரிய நின்றார். முன் ஆசனத்தில் அம்மா இருந்தார்.

அம்மா கண்ணாடியை இறக்கினார். என்னைப் பார்க்காமல் மடியிலிருந்த பையைத் திறந்தார். "சப்பாத்தைக் கழட்டு. காஞ்ச மேஸ் கொண்டு வந்தனான்."

பின் ஆசனத்தில் இருந்து காலுறையை மாற்றினேன். சுடச்சுட இடியப்பமும் சொதியும் ஒரு வாய் அகன்ற ஃபிளாஸ்கில் இருந்தன. கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டேன். சொதி தொண்டையால் இறங்குவதை வயிறு வரை உணர்ந்தேன்.

எங்களுக்கு நேர் முன்னால் மலை. என் திட்டப்படி அதில் ஏற வேண்டும். அரைவட்டமாகச் செங்குத்தாக நிற்கும் பெரிய பாறைச் சுவர் ஒன்று உச்சியில் உண்டு. அதன் விளிம்பு வழியாகப் போய், மறுபக்கம் மோத்தியேவுக்கு இறங்குவது மீதிப் பாதை. இருபத்துச் சொச்சம் கிலோமீற்றர். மேகம் பாதி மலையை மறைத்திருந்தது. மேகத்துக்கு மேலே காற்று என்ன செய்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏறி முடிக்க இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு இருட்டிவிடும். விளிம்பில் மூடுபனி, பக்கத்தில் நூற்றைம்பது மீற்றர் பள்ளம்.

கால்கள் ஏறும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கால்களால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

"மேல போகேல்ல," என்றேன்.

இவர் பெரிய மூச்சு விட்டார். "அப்ப வீட்டை போவம்."

"இல்லை. ஆற்றோரத்தால மோத்தியேவுக்கு ஓடுறன். பதினாலு கிலோமீற்றர்தான். தட்டையான பாதை. இருட்டுப்பட முதல் போயிடுவன்."

"இனியும் என்னத்துக்கு? காலமை நடந்தது காணாதோ?"

நான் பதில் சொல்லுமுன் அம்மா திரும்பினார். "தம்பி, ஓடுறதெண்டா ஓடட்டும்," என்றார். பிறகு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "ஓடினதுக்கு நான் கோவிக்கேல்ல. எனக்குச் சொன்னா நான் தாங்கமாட்டன் எண்டு நீ நினைச்சாய் பார், அதுக்குத்தான் கோவம். ஒரு சூட்கேசோட, ஒரு சொல்லு பிரெஞ்சு தெரியாமல் இந்தப் பனிக்குள்ள வந்து இறங்கினவள் நான். எனக்குச் சொல்லேலாதோ?"

"இனிச் சொல்லுறன் அம்மா."

"சொல்லு. ஜன்னலடியிலதான் நிப்பன். நிண்டா என்ன, கால் தேஞ்சு போகுமோ? இப்ப ஓடு. குளிரப் போகுது."

ஆற்றங்கரைப் பாதையில் பனி வாரியிருந்தார்கள். ஆறு கரை ஓரங்களில் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடியது. முப்பது கிலோமீற்றருக்கு மேல் போன கால்கள் தட்டைப் பாதையில் முதலில் மறுத்தன. ஒரு கிலோமீற்றர் அப்படி இழுபட்டன. பிறகு இடியப்பம் வேலை செய்யத் தொடங்கியது. இவர்கள் இருவரும் காரில் ஒவ்வொரு கிராமத்துக்கும் முன்னே போய் நின்றார்கள். முதல் கிராமத்தில் அம்மா கண்ணாடிக்குள்ளிருந்து கையைக் காட்டினார். இரண்டாவதில் வெளியே இறங்கி நின்றார். அந்த இடத்தில் பாலத்தைக் கடந்து ஓடி வந்தபோது, பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு மனிதரிடம் அம்மா தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தாண்டும்போது காதில் விழுந்தது. "என் மகள். காலையில் லா ஷோ-து-ஃபோனிலிருந்து வருகிறாள்." அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். நான் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அது தேவையில்லாத வேகம், கால் வலித்தது, ஆனாலும் வளைவு வரும்வரை குறைக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மோத்தியேயின் முதல் வீடுகள் வந்தன. வானம் இன்னும் நீலமாக இருந்தது. நினைத்ததைவிடப் பத்துக் கிலோமீற்றர் குறைவு, நினைத்த மலையில் பாதி. ஆனால் நினைத்த ஊர். மாதா கோயில் சுவரில் கையை வைத்து மணிக்கூட்டை நிறுத்தினேன். இவர் வந்து என் பையைக் கழற்றி வாங்கினார். தூக்கிப் பார்த்து, "இவ்வளவு பாரத்தையும் வைச்சுக்கொண்டு அந்தப் பற்றரியை ஏன் விட்டிட்டுப் போனனீர்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கத் தொடை பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம்.

திரும்பும் வழியில் காரில் எனக்கு நித்திரை வந்தது. முன்னால் அம்மா சித்திக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். காலையில் பாதியில் விட்ட கதையைத் தொடர்கிறார் என்று நினைத்தேன்.

"இல்லையடி, நடக்கேல்ல, ஓடினவள்," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "மலையால. ஓம், தனியத்தான். இந்தக் குளிருக்குள்ள. எனக்கு முதலே தெரியும்."

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.